எலிக்குள் போன மனித டி செல்: அங்கே வருவது உண்மையான ஜிவிஹெச்டிதானா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு, ஏற்றிய செல்களே நோயாளியின் உடலைத் தாக்குவதால் வரும் ஜிவிஹெச்டி நோயை 'மனிதமயமாக்கிய எலி'களில் ஆராய்கிறார்கள் என்று படித்தேன். மனித ரத்தத்தை எலிக்குள் ஏற்றினால் அது எலியைத் தாக்கத்தானே செய்யும்? மனிதருக்குள் இன்னொரு மனிதரின் செல் போவதும் இதுவும் ஒன்றா? எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை நடக்கப் போகிறது. அந்த எலியில் வேலை செய்த மருந்தை நம்பலாமா?"

சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்த எலிக்கு வருவது பொய் நோய் இல்லை, ஜிவிஹெச்டியேதான். ஆனால் அங்கே டி செல் (நோய் எதிர்ப்புப் படையின் தாக்கும் செல்) குறிவைக்கும் எதிரி வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், எந்த ஆய்வை நம்புவது, எதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பது என்பது தானாகப் புரியும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கிட்னி மாற்றினால் நம் உடல் புதுக் கிட்னியை நிராகரிக்கப் பார்க்கும். அது எல்லோருக்கும் தெரியும். ரத்த ஸ்டெம் செல் மாற்றும்போது கதை தலைகீழ். ஏற்றப்படுவதே இன்னொருவரின் நோய் எதிர்ப்புப் படை. நோயாளியின் பழைய படையை மருந்தாலும் கதிர்வீச்சாலும் முன்பே ஒடுக்கியிருப்பார்கள். புதிதாக வந்த டி செல்கள் கண் விழித்துப் பார்த்தால் சுற்றிலும் அந்நிய முகங்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். தோல், குடல், கல்லீரல் மூன்றும் முதலில் அடிபடும். தடுப்பு மருந்து கொடுத்தும், பிறரிடம் செல் பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை கவனிக்க வேண்டிய அளவு கடும் ஜிவிஹெச்டியைச் சந்திக்கிறார்கள்.

இந்த நோய் வர மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று 1966-இல் நோய் எதிர்ப்பு ஆய்வாளர் பில்லிங்ஹாம் சொன்னார். ஏற்றப்படும் செல்களில் தாக்கும் திறனுள்ளவை இருக்க வேண்டும். அவை அந்நியமாக உணரும் ஏதோ ஒன்று பெறுபவரின் உடலில் இருக்க வேண்டும். பெறுபவரால் அவற்றை எதிர்த்து விரட்ட முடியாமல் இருக்க வேண்டும். மனித ரத்தம் ஏற்றிய, எதிர்ப்பு சக்தி இல்லாத எலியில் இந்த மூன்றும் அட்சரம் பிசகாமல் இருக்கின்றன. அதனால்தான் அதை ஜிவிஹெச்டி என்று கூப்பிடக் கூசுவதில்லை. முன்னால் ஒரு சொல்லை மட்டும் சேர்த்து 'ஸீனோ ஜிவிஹெச்டி' என்பார்கள். வேற்றினத்துக்கு எதிரானது என்று பொருள்.

எலியில் இந்த நோயைப் பார்த்தது புதிதும் இல்லை. 1956-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் பார்ன்ஸ், லூட்டிட் குழுவினர் ரத்தப் புற்று வந்த எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, வேறு வம்ச எலியின் மஜ்ஜையை ஏற்றினார்கள். புற்று போனது, ஆனால் எலிகள் உடல் இளைத்துச் செத்தன. இன்று நாம் ஜிவிஹெச்டி என்று சொல்வதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளாக எலியிலிருந்து எலிக்கு மாற்றித்தான் இந்த நோயின் அடிப்படைகளைக் கற்றோம். மனிதருக்கான முறைகளை உருவாக்கி 1990-இல் நோபல் பரிசு பெற்ற டொனால் தாமஸின் சியாட்டில் குழு நாய்களை வைத்தும் நிறைய வேலை செய்தது.

அப்புறம் எதற்கு மனிதச் செல் ஏற்றிய எலி? காரணம் எளிது. இன்றைய மருந்துகளில் பல, மனிதப் புரதத்தை மட்டுமே அடையாளம் காணும் ஆன்டிபாடிகள். இன்னும் சில, மருந்தே இல்லை, உயிருள்ள மனிதச் செல்கள். எலியின் டி செல்லில் அவற்றுக்குப் பிடிமானமே கிடையாது. லண்டனில் 2006 மார்ச்சில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். டிஜிஎன் 1412 என்ற ஆன்டிபாடியை ஆரோக்கியமான 6 பேருக்குக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் சமிக்ஞைப் புரதம்) புயலாக அடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். குரங்குகளில் பார்த்தபோது அது சாதுவாக இருந்தது. பிற்பாடு மனிதச் செல் ஏற்றிய எலியில் அதே மருந்தைக் கொடுத்தபோது மனித சைட்டோகைன்கள் எகிறின.

இந்த எலியை உருவாக்கிய கதையில் பாதி தற்செயல். 1983-இல் பிலடெல்பியாவின் ஃபாக்ஸ் சேஸ் மையத்தில் மெல்வின் போஸ்மா, ரத்தத்தில் ஆன்டிபாடியே இல்லாத சில எலிகளைக் கவனித்தார். டி செல்லும் பி செல்லும் உருவாகத் தேவையான ஒரு டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணு அவற்றில் கெட்டிருந்தது. அதுதான் ஸ்கிட் எலி. 1988-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதற்குள் மனித எதிர்ப்புச் செல்களை வாழ வைத்தன. ஆனால் அந்நியச் செல்லைக் கொல்லும் எலியின் என்.கே. செல்கள் இருந்ததால் மனிதச் செல்கள் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த நாட் வம்ச எலியோடு கலந்தார்கள். அது எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஏன் என்பது 2007-இல்தான் தெரிந்தது. மேக்ரோபேஜ் என்ற, பிற செல்லை விழுங்கும் செல்லின் மேல் இருக்கும் சிர்ப் ஆல்ஃபா என்ற புரதம், எதிரே வரும் செல்லின் மேலுள்ள சிடி47 என்ற புரதத்தைத் தொட்டுப் பார்த்து 'இது நம் ஆள், விடு' என்று முடிவெடுக்கும். நாட் எலியின் சிர்ப் ஆல்ஃபா, அதிர்ஷ்டவசமாக, மனித சிடி47-ஐ இறுகப் பிடிக்கிறது. யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்ததில்லை. கடைசியாக ஐஎல்2 ஏற்பியின் காமா சங்கிலி மரபணுவையும் நீக்கியதும் என்.கே. செல்லும் ஒழிந்தது. 2002-இல் ஜப்பானில் வந்தது என்.ஓ.ஜி. எலி. 2005-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஷுல்ட்ஸ் குழு கொண்டுவந்தது என்.எஸ்.ஜி. எலி. இன்று 'மனிதமயமாக்கிய எலி' என்று படித்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இவற்றின் பிள்ளை பேரனோதான்.

ஜிவிஹெச்டிக்கு அதிகம் பயன்படுத்தும் முறை மிகச் சாதாரணமானது. நன்கொடையாளர் ஒருவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, சுமார் 50 லட்சம் முதல் 2 கோடி வரை எலியின் வால் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். முன்பே 2 கிரே அளவு கதிர்வீச்சு கொடுத்தால் நோய் சீக்கிரம் வரும். கொடுக்காவிட்டாலும் வரும், கொஞ்சம் தாமதமாக. அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தராசும் கையுமாக உட்கார வேண்டியதுதான். முதல் ஒன்றிரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் கூண்டைத் திறந்தால் எலி முதுகைக் கூனிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும், ரோமம் சிலிர்த்திருக்கும், கையை நீட்டினால் ஓடாது. எடை, கூன், ரோமம், தோல், சுறுசுறுப்பு என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுவார்கள். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பொதுவாக அதற்கு மேல் துன்பப்பட விடுவதில்லை. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஒரே எலிக்கு இரண்டு பேர் வேறு வேறு மதிப்பெண் போடுவது இந்த வேலையில் சகஜம். எந்தக் கூண்டுக்கு மருந்து போனது என்று தெரியாதவர் மதிப்பெண் போட்டாரா என்பதை ஆய்வுக் கட்டுரையில் நான் முதலில் தேடுவது அதனால்தான்.

இனி உங்கள் கேள்வியின் மையம். அந்த மனித டி செல் எலியில் எதைப் பார்த்துக் கோபப்படுகிறது?

மனிதருக்குள் நடக்கும்போது எச்.எல்.ஏ. (செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்) பொருத்தம் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அண்ணன் தம்பிக்குள் முழுப் பொருத்தம் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிக் கிடைத்தாலும் ஜிவிஹெச்டி வரலாம். அப்போது டி செல் கண்டுபிடிப்பது மிகச் சிறிய வேறுபாடுகளை. உதாரணமாக, பெண் தந்த செல்கள் ஆணின் உடலுக்குள் போனால், ஒய் குரோமோசோமிலிருந்து வரும் புரதத் துண்டுகள் அவற்றுக்கு அந்நியம். எலிக்குள் போன மனித டி செல்லுக்கு இப்படி நுணுக்கிப் பார்க்க அவசியமே இல்லை. நம் எச்.எல்.ஏ.வுக்கு இணையான எலியின் எம்.எச்.சி. மூலக்கூறுகளே முழுக்க வேறு. அவற்றை நேரடியாகவே தாக்குகிறது. இது ஊகமில்லை. எலியின் எம்.எச்.சி. முதல் வகையை நீக்கிய என்.எஸ்.ஜி. எலியில் நோய் தாமதமாக வந்ததை 2009-இல் காட்டினார்கள். இரண்டு வகைகளையும் நீக்கிய எலியில், மனித டி செல்கள் உயிரோடு, வேலை செய்யும் நிலையில் இருந்தும் கடும் நோய் வரவில்லை என்று 2019-இல் காட்டினார்கள். ஆக, "எலியை எலி என்பதற்காகவே தாக்குகிறது" என்ற உங்கள் ஊகம் பெருமளவு சரி.

இதைவிட அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று உண்டு. அது மொழிச் சிக்கல். செல்கள் சைட்டோகைன்களால் பேசிக்கொள்கின்றன. சில சைட்டோகைன்கள் இனம் தாண்டும், சில தாண்டாது. ஜிவிஹெச்டியில் மிக முக்கியமான இன்டர்ஃபெரான் காமா தாண்டாது. மனித டி செல் அதைக் கொட்டித் தீர்த்தாலும் எலியின் குடல் செல்லுக்குக் காது கேட்காது. எலியின் ஐஎல்6 மனிதச் செல்லை அசைக்காது, மனித ஐஎல்6 எலியை அசைக்கும். அதாவது உரையாடலில் பாதி வார்த்தைகள் காற்றில் போகின்றன. ஒரு மருந்து திசுக்களில் இன்டர்ஃபெரான் காமாவின் விளைவைத் தடுப்பதால்தான் நோயாளிக்கு உதவுகிறது என்றால், இந்த எலியில் அந்தப் பங்கைப் பார்க்கவே முடியாது.

அப்புறம் இல்லாதவற்றின் பட்டியல். ரத்தம் ஏற்றிய சில வாரங்களில் எலிக்குள் நிலைப்பது கிட்டத்தட்ட முழுக்க டி செல்கள்தான். மனித மோனோசைட், பி செல் எல்லாம் கரைந்துபோகும். நாட் வம்சத்தில் காம்ப்ளிமென்ட் வரிசையின் (ஆன்டிபாடியோடு சேர்ந்து செல்லைக் கொல்லும் ரத்தப் புரதங்கள்) சி5 புரதம் பிறவியிலேயே கிடையாது. காம்ப்ளிமென்ட் வழியாகச் செல்லைக் கொல்லும் ஆன்டிபாடியை இங்கே சோதித்து "சுமாராகத்தான் வேலை செய்கிறது" என்று எழுதினால், குறை மருந்தில் இல்லை. ஸ்கிட் மரபணு டிஎன்ஏவைப் பழுதுபார்ப்பதற்கானது என்று சொன்னேன் அல்லவா? அது கெட்டிருப்பதால் இந்த எலிகள் அதிகக் கதிர்வீச்சைத் தாங்காது. நோயாளிக்குச் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கடுமையான தயாரிப்பை அப்படியே இங்கே செய்து பார்க்க வழியில்லை. குடலைப் புண்ணாக்கி ஜிவிஹெச்டிக்குத் திரி கொளுத்துவதே அந்தத் தயாரிப்புதான். அது வேண்டுமென்றால், ஸ்கிட்டுக்குப் பதிலாக ராக் என்ற மரபணுவை நீக்கி டி, பி செல்களை இல்லாமலாக்கிய என்.ஆர்.ஜி. எலிக்குப் போக வேண்டும். அது கூடுதல் கதிர்வீச்சைத் தாங்கும்.

இவ்வளவு ஓட்டைகளைச் சொல்லிவிட்டு, இதே எலி பிரமாதமாக உதவிய ஓர் இடத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

மீசன்கைமல் ஸ்ட்ரோமல் செல் என்று ஒரு வகை உண்டு. மஜ்ஜையில் இருப்பது, டி செல்லின் வேகத்தைத் தணிக்கக்கூடியது. ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜிவிஹெச்டி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு அருமையாகக் கேட்டது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஏன்? இதைச் சாதாரண எலியில் ஆராய முடியாது. எலியின் ஸ்ட்ரோமல் செல் நைட்ரிக் ஆக்சைடால் டி செல்லை அடக்குகிறது. மனிதச் செல் ஐடிஓ என்ற நொதியால் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைத் தின்று தீர்த்து அடக்குகிறது. வழியே வேறு. அயர்லாந்திலிருந்து 2013-இல் வந்த ஓர் ஆய்வில் என்.எஸ்.ஜி. எலிக்கு மனித வெள்ளணுக்களையும் மனித ஸ்ட்ரோமல் செல்களையும் கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் பலனில்லை. ஸ்ட்ரோமல் செல்லை 7-ஆம் நாள் கொடுத்தால் எலிகள் கூடுதல் நாள் பிழைத்தன. அதே செல்லை முன்கூட்டியே இன்டர்ஃபெரான் காமாவில் ஊறவைத்தால், வெள்ளணுக்களோடு ஒரே நாளில் கொடுத்தபோதும் பலன் தெரிந்தது. அதாவது இந்தச் செல் சும்மா இருக்கும் வீட்டில் வேலை செய்யாது. சண்டை தொடங்கி, டி செல் எழுப்பும் இன்டர்ஃபெரான் காமாவின் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து விலக்கிவிடப் போகும்.

நான் முன்னால் சொன்ன மொழிச் சிக்கல் இங்கே ஏன் குறுக்கே வரவில்லை என்று பாருங்கள். பேசுவது மனித டி செல், கேட்பது மனித ஸ்ட்ரோமல் செல். எலி வெறும் மேடைதான். மனிதச் செல்லும் மனிதச் செல்லும் தமக்குள் பேசுவதைக் கேட்க விரும்பினால் இந்த எலிக்கு மாற்று கிடையாது. மனித டி செல்லும் எலித் திசுவும் பேசுவதை வைத்து மனித நோயை ஊகித்தால்தான் தடுமாறுவோம். (இந்த வகைச் செல்லால் ஆன ரெமெஸ்டெம்செல் என்ற தயாரிப்பை, இருமுறை திருப்பி அனுப்பிய பிறகு, 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. குழந்தைகளுக்கு அனுமதித்தது. ஸ்டீராய்டு கேட்காமல் போன பிறகு கொடுப்பதற்கு.)

இதே வரிசையில் வருபவை, மற்ற டி செல்களை அடக்கி ஒழுங்குபடுத்தும் டி செல்கள், அதாவது டிரெக் செல்கள். கனடாவின் வான்கூவரில் லெவிங்ஸ் குழு 2016-இல், எச்.எல்.ஏ.வில் ஒரு வகையான ஏ2-ஐ அடையாளம் காணும் ஏற்பியை டிரெக் செல்லில் பொருத்தி, ஸீனோ ஜிவிஹெச்டியைத் தடுத்துக் காட்டியது. அழகான வேலை. ஆனால் ஒரு நுணுக்கம்: அந்த எலிகளில் ஏ2 இருந்தது எலித் திசுவில் இல்லை, ஏற்றிய மனித வெள்ளணுக்களின் மேல். நோயாளியில் நாம் காக்க வேண்டிய குடலின் மேல் ஏ2 இருக்கும். கருத்து சரியென்று எலி சொல்லிவிட்டது, விலாசம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

என்னை அதிகம் எச்சரிக்கையாக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஜிவிஹெச்டியைக் குறைத்தது, ஆனால் ரத்தப் புற்றைத் தாக்கும் திறன் குறையவில்லை." இந்தச் சிகிச்சையின் வரமே தான டி செல் மிச்சமிருக்கும் புற்றைக் கொல்வதுதான். அதைக் கெடுக்காமல் ஜிவிஹெச்டியை மட்டும் அடக்குவது எல்லோருடைய கனவு. எலியில் இதைச் சோதிக்க மனித லுக்கேமியா செல்லையும் கூடவே ஏற்றுவார்கள். இப்போது யோசியுங்கள். டி செல் லுக்கேமியாவைத் தாக்குவது மனித எச்.எல்.ஏ. வேறுபாட்டுக்காக. எலியைத் தாக்குவது எலியின் எம்.எச்.சி.க்காக. இரண்டும் இரு வேறு இலக்குகள், அநேகமாக இரு வேறு டி செல் கூட்டங்கள். ஒன்றை அடக்கி இன்னொன்றை விட்டுவைப்பது இந்த எலியில் சுலபம். நோயாளியில் இரண்டும் ஒரே எச்.எல்.ஏ.வை, சில சமயம் ஒரே புரதத் துண்டைக்கூடக் குறிவைக்கலாம். அங்கேதான் கத்தி மேல் நடப்பது.

நாள்பட்ட ஜிவிஹெச்டிக்கு, அதாவது தோல் இறுகி, கண் உலர்ந்து, நுரையீரல் சுருங்கும் அந்த நோய்க்கு, ரத்தம் ஏற்றிய எலி உதவாது. அது வரும் முன்பே எலி போய்விடும். மனிதக் கருவின் தைமஸ் (டி செல்கள் வளரும் உறுப்பு), கல்லீரல் துண்டுகளைச் சிறுநீரக உறைக்கடியில் வைத்து, ஸ்டெம் செல்லும் ஏற்றிய பி.எல்.டி. எலி 2006-இல் வந்தது. அதில் பல மாதம் கழித்து முடி கொட்டி, தோல் தடித்து, இதை ஒத்த நிலை வருகிறது. கருத்திசு கிடைப்பதும் அதன் நெறிமுறையும் தனிப் பிரச்சினை. வெறும் தொப்புள்கொடி ஸ்டெம் செல்லை மட்டும் ஏற்றினால், டி செல்கள் எலியின் தைமஸிலேயே வளர்ந்து எலியைச் சொந்தமாக ஏற்றுக்கொள்வதால் பெரும்பாலும் ஜிவிஹெச்டியே வராது. குடல் கிருமிகளும் ஒரு பக்கம் இருக்கின்றன. கிருமியில்லாமல் வளர்த்த எலிகளில் இந்த நோய் குறைவு என்று நெதர்லாந்தின் வான் பெக்கம் 1970-களிலேயே காட்டிவிட்டார். நம் ஆய்வகத்து என்.எஸ்.ஜி. எலிகள் சுத்தபத்தமான கூண்டில் வளர்பவை. நோயாளியின் குடலோ வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் பார்த்தது.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இன்று கையில் இருக்கும் மருந்துகளில் பலவற்றுக்கு அடித்தளம் போட்டது மனிதமயமாக்கிய எலி இல்லை, பழைய எலி-எலி மாற்றுதான். ஸ்டீராய்டுக்கு அடங்காத கடும் ஜிவிஹெச்டிக்கு 2019-இல் அனுமதி பெற்ற ரக்ஸோலிடினிப், நாள்பட்டதற்கு 2017-இல் வந்த இப்ருடினிப், 2021-இல் வந்த பெலுமோசுடில் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வளர்த்தெடுத்த முறை, சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை மாற்று முடிந்து 3-ஆம், 4-ஆம் நாளில் கொடுப்பது, அதற்கும் எலி-எலி ஆய்வுகள்தான் அடிப்படை. பிற்பாடு மனித வெள்ளணு ஏற்றிய என்.எஸ்.ஜி. எலியிலும் அதே நாட்களில் கொடுத்து நோய் தள்ளிப்போவதைப் பார்த்தார்கள். அதாவது மனிதர்களில் வேலை செய்வது தெரிந்த பிறகு, எப்படி என்று கேட்கத்தான் அந்த எலி பயன்பட்டது. பாதிப் பொருத்தம் மட்டுமே உள்ள அப்பா, அம்மா, பிள்ளைகள்கூடத் தானம் தர முடிவது பெருமளவு இந்த முறையால்தான். 2023-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கச் சோதனையில், தயாரிப்பு மருந்தின் வீரியத்தைக் குறைத்து மாற்று செய்துகொண்ட, நல்ல பொருத்தமுள்ளவர்களுக்கும் பழைய டாக்ரோலிமஸ்-மெத்தோட்ரெக்ஸேட் கூட்டணியைவிட இதுவே நல்ல பலன் தந்தது.

அதனால் "மனிதமயமாக்கிய எலியில் ஜிவிஹெச்டி குணமானது" என்று செய்தி வந்தால், மருந்து யாரோடு பேசுகிறது என்று பாருங்கள். மனித டி செல்லோடு நேரடியாகப் பேசும் ஆன்டிபாடியோ செல் சிகிச்சையோ என்றால் அந்த எலியின் சாட்சிக்கு எடை உண்டு. குடலைக் காப்பது, திசுவைக் குணப்படுத்துவது என்றால் எடை குறைவு. எத்தனை பேரிடமிருந்து ரத்தம் எடுத்தார்கள் என்றும் பாருங்கள். ஒருவரின் ரத்தம் எலியை மூன்று வாரத்தில் சாய்க்கும், இன்னொருவருடையது ஏழு வாரம் எடுக்கும். ஒரே நன்கொடையாளரை வைத்துச் செய்த ஆய்வு, ஒரே ஆளைக் கேட்டு எடுத்த கருத்துக்கணிப்பு மாதிரி. எப்படியிருந்தாலும் அந்த மருந்து உங்கள் வீட்டு நோயாளியின் வார்டுக்கு வர இன்னும் பல வருடம் ஆகும். மாற்றுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: தானம் தருபவரின் பொருத்தம் எவ்வளவு, தடுப்புக்கு எந்தக் கூட்டணி மருந்து, அதில் 3-ஆம் 4-ஆம் நாள் சைக்ளோபாஸ்பமைடு உண்டா, வீட்டுக்கு வந்த பிறகு தோலில் தடிப்போ வயிற்றுப்போக்கோ கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடுவது.